ஆட்டு முதுகுல மூட்டை கட்டி மலை ஏறலாமா?

ஆடு மூட்டை சுமக்குமா? சுமக்கும். அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா நம்ம பக்கம் இதைச் சொன்னா சிரிக்கிறாங்க. ஏரிக்கரை டீக்கடையில பேச்சு வந்தப்போ ஒரு பெரியவர், "அது உடம்புல இருக்கிற கறியைத்தானே இத்தனை நாளா சுமந்துக்கிட்டு இருக்கு, இன்னும் என்னத்த சுமக்கணும்ங்கிறீங்க?" என்றார். கடையே சிரிச்சுது. அவர் கேட்டதுல விஷயம் இருக்கு. அதுக்குப் பின்னால வர்றேன்.

இந்தப் பேச்சை எங்க வீட்டுக்குக் கொண்டு வந்தது என் மச்சான் மகன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல தறிக்காரக் குடும்பம். பையன் தறியில உட்காருவான், கை வேலை சுத்தமா இருக்கும், ஆனா மனசு முழுக்க மலையில. பௌர்ணமின்னா பர்வதமலை, நாலு நாள் சேர்ந்தாப்புல கிடைச்சா ஜவ்வாது மலை, கொல்லிமலை. ஒரு நாள் போனை எடுத்துக்கிட்டு நேரா கொல்லைக்கு வந்துட்டான். அமெரிக்காவுல எடுத்த வீடியோ. பெரிய பெரிய கிடாக்கள், முதுகுல மரச்சேணம், ரெண்டு பக்கமும் பை, கயிறு கூட இல்லாம மனுஷன் பின்னாடியே வரிசையா மலை ஏறுது. "மாமா, உங்ககிட்ட இருந்து பத்து கிடாக்குட்டி கொடுங்க. பழக்கி எடுத்து, மலையேற வர்றவங்களுக்கு வாடகைக்கு விட்டா நல்ல வரும்படி" என்றான். முதலுக்கு என்ன பண்ணுவன்னு கேட்டேன். ரெண்டு தறியில ஒண்ணை வித்துடலாம்னு இருக்கானாம்.

ஆடு பத்தின பேச்சா மட்டும் இருந்திருந்தா நானும் டீக்கடையோட சேர்ந்து சிரிச்சுட்டுப் போயிருப்பேன். தறியை விக்கிறதுன்னு வந்ததால உட்கார்ந்து யோசிச்சேன். அவனை மாதிரி இன்னும் பத்து பையனாவது இந்த வீடியோவைப் பார்த்திருப்பான். அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல அந்த அமெரிக்கக் கதை. அங்க இதைப் பிரபலமாக்கினவர் வயோமிங் மாநிலத்துக்காரர், ஜான் மியோன்சின்ஸ்கி. 1970களில் அந்த மலைகள்ல பிக்ஹார்ன் என்கிற காட்டுச் செம்மறிகளைப் பத்தி ஆராய்ச்சி செய்யப் போனவர், தன் கருவிகளையும் சாப்பாட்டையும் வெள்ளாட்டு மேல ஏத்திக்கிட்டுப் போனார். 1992ல் பொதி ஆடு வளர்ப்பு பத்தி ஒரு புத்தகமும் போட்டார். குதிரை, கோவேறு கழுதை போக முடியாத பாறையில ஆடு போகுது, போற வழியிலேயே தழையைக் கடிச்சுக்குது, தீவனம் தனியா தூக்கவேண்டாம், தண்ணியும் கம்மிதான் குடிக்குது. இது நம்ம ஊர் ஆடு மேய்க்கிற எந்தச் சின்னப் பையனுக்கும் தெரிஞ்ச சங்கதிதான். வெள்ளாடு ஏறாத இடம் எது? எங்க வீட்டுக் கிடா ஒண்ணு டிராக்டர் எஞ்சின் மேல ஏறி நின்னுக்கிட்டு வேப்பங்கொழையைத் தின்னும்.

ஆனா அமெரிக்காக்காரங்க புதுசா கண்டுபிடிச்சதா யாராவது சொன்னா நம்பாதீங்க. நம்ம நாட்டுலயே, இமயமலையில, இது நூத்துக்கணக்கான வருஷம் நடந்த தொழில். இப்போ உத்தராகண்ட் என்று சொல்ற பகுதியில ஜோஹார், தார்மா, வியான்ஸ், நீத்தி, மானா பள்ளத்தாக்குகள்ல இருந்த போட்டியா வியாபாரிகள், கோடையில பனி விலகினதும் கணவாய் தாண்டித் திபெத்துக்குப் போவாங்க. போறப்ப தானியம், வெல்லம், துணி. வர்றப்ப உப்பு, வெண்காரம், கம்பளி. சுமந்தது பெரும்பாலும் செம்மறியும் வெள்ளாடும். முதுகுல ரெண்டு பக்கமும் தொங்குற மாதிரி சின்னப் பை. ஒரு ஆட்டுக்குச் சுமார் பத்து கிலோ. கேட்டா அல்பமாத் தெரியும். ஆனா ஒரு மந்தையில நூத்துக்கணக்குல ஆடு போகும். நூறு ஆடுன்னா ஒரு டன். ஒத்தையடிப் பாதையில, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், அங்க ஒரு டன் உப்பு நடந்து வருதுன்னா சும்மாவா?

அந்த ஜோஹார் பள்ளத்தாக்கு மிலம் கிராமத்துக்காரர்தான் நயின் சிங் ராவத். 1860களில் வெள்ளைக்காரன் சர்வே இலாகாவுக்காக மாறுவேஷத்துல லாசா வரைக்கும் நடந்து, ஜபமாலையில அடி எண்ணி எண்ணித் திபெத்தை அளந்துட்டு வந்த மனுஷன். அவங்க ஊர்ல நடக்கிறதுங்கிறது அவ்வளவு சாதாரணம். 1962ல் சீனாவோட சண்டை வந்தது, எல்லை மூடினாங்க, உப்பு வியாபாரம் நின்னது. 1992ல் லிபுலேக் கணவாய் வழியா கொஞ்சம் வியாபாரம் மறுபடி ஆரம்பிச்சாலும் பழைய மந்தையும் பழைய ஜனமும் திரும்பி வரலை. மிலம் மாதிரி ஊர்கள்ல பாதி வீடு கூரை இல்லாம கிடக்கு.

இதை நல்லா கவனிக்கணும். அந்த ஆடுகள் சுமக்கிறதுக்காக வளர்த்த ஆடுகள் இல்லை. கோடையில மேல புல் இருக்கு, குளிர்காலத்துல கீழ இருக்கு. சுமை இருந்தாலும் இல்லாட்டியும் அந்த மந்தை வருஷா வருஷம் மேல போய்க் கீழ வந்தே ஆகணும். கம்பளிக்காக, கறிக்காக, எருவுக்காக வளர்த்த ஆடு எப்படியும் நடக்குதேன்னு அது முதுகுல உப்பையும் வெச்சாங்க. நடை ஏற்கெனவே இருந்தது, மேய்ச்சல் இலவசமா இருந்தது, கூடவே மேய்ப்பன் இருந்தான். பத்து கிலோ சுமை கட்டுபடியானது அதனாலதான். இந்த மூணையும் எடுத்துட்டு, ஆட்டை மட்டும் கொட்டகையில கட்டி, வாரக் கடைசிக்கு வேன்ல ஏத்திப் போய் மலையடிவாரத்துல இறக்கினா அந்தக் கணக்கு எப்படி வரும்?

சரி, நம்ம கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஆடு தன் எடையில நாலுல ஒரு பங்கு வரைக்கும் சுமக்கும், அதுக்கு மேல கூடாதுன்னு பழக்கினவங்க சொல்றாங்க. அமெரிக்காவுல இதுக்கு வளர்க்கிறது சானென், ஆல்பைன் மாதிரி பால் ஜாதிக் கிடாக்கள். காயடிச்சு வளர்த்தா எண்பது, நூறு கிலோ வரும். இருபது கிலோவுக்கு மேல தூக்கும். நம்ம பக்கத்து நாட்டு வெள்ளாடு என்ன எடை வரும்? நல்லா வளர்ந்த கிடா முப்பது, முப்பத்தஞ்சு. காயடிச்சு மூணு நாலு வருஷம் வெச்சிருந்தா நாற்பது வரலாம். நாலுல ஒரு பங்கு பத்து கிலோ. சேணமே ரெண்டு கிலோ போயிடும். மிச்சம் எட்டு. வெயில்ல மலை ஏறுற ஒரு ஆளுக்கு ஒரு நாள் தண்ணி மட்டும் நாலு லிட்டர், அதாவது நாலு கிலோ. கூடாரம், படுக்கை, அரிசி, அடுப்புன்னு சேர்த்தா ஆளுக்கு ரெண்டு ஆடு வேணும். பத்து பேர் வந்தா இருபது ஆடு. இருபது ஆட்டை மலையில கட்டி மேய்க்க ரெண்டு ஆள். அந்த ரெண்டு ஆளுக்கும் சோறு தூக்க இன்னும் ரெண்டு ஆடு. "ஜமுனாபாரி வாங்கிக்கலாம் மாமா" என்றான் பையன். வாங்கலாம். அது நீளக்கால் ஆடு, எடையும் வரும். ஆனா யமுனைக்கரைச் சமவெளி ஆடு அது. பாறைக்குப் பழகினது இல்லை.

அடுத்தது வயசு. இதைத்தான் வீடியோவுல காட்டமாட்டாங்க. குட்டியிலேயே தாய்கிட்ட இருந்து பிரிச்சு புட்டிப்பால் கொடுத்து, மனுஷனையே மந்தைத் தலைவனா நினைக்கிற மாதிரி வளர்க்கணும். அப்பதான் கயிறு இல்லாம பின்னாடி வரும். ஒரு வயசுல வெறும் பை, ரெண்டு வயசுல கொஞ்சம் சுமை. எலும்பு முத்தி முழுச்சுமை ஏத்த நாலு வயசு ஆகணும். நம்ம ஊர்ல நாலு வயசுக் கிடாவை எங்கயாவது பார்த்திருக்கீங்களா? ஆடி, தீபாவளி, பக்ரீத், ஊர்த் திருவிழா, இதுல ஒண்ணைத் தாண்டுறதே பெரிசு. வயசான கிடான்னா அது சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாதான். எங்க பக்கத்து ஊர்ல ஒண்ணு இருந்தது. பஸ் ஸ்டாப்புல நின்னு, இறங்குறவங்க பின்னாடியே வீடு வரைக்கும் போய் ஒரு வாழைப்பழம் வாங்காம திரும்பாது. ஆடு மனுஷனோட ஒட்டிக்கும்ங்கிறதுக்கு அது போதும். ஆனா அது முதுகுல துண்டைப் போட்டாக்கூட முட்டும்.

காயடிச்ச கிடாவை வருஷக்கணக்கா வெச்சிருக்கிறதுல இன்னொரு சிக்கல், நீர்க்கடுப்பு. சின்ன வயசுலேயே காயடிச்சா சிறுநீர்க் குழாய் விரியாம குறுகலாவே நின்னுடும். அப்புறம் பாசத்துல தவிடு, சோளம், பிண்ணாக்குன்னு கொட்டினா கல்லு சேர்ந்து அடைச்சுக்கும். ஆடு முக்கும், கத்தும், வயிறு உப்பும், ரெண்டு நாள்ல போயிடும். கறிக்கு வளர்க்கிறவனுக்கு இந்தக் கவலை கம்மி. நாலு வருஷம் பழக்கினவனுக்கு நாலு வருஷ உழைப்பு போச்சு. தழையும் காய்ஞ்ச புல்லும்தான் அதுக்குச் சாப்பாடு. கூட வர்ற டவுன்காரங்க சும்மா இருப்பாங்களா? மிச்சம் இருக்கிற சோறு, பிஸ்கட், ரொட்டி எல்லாம் அன்பா ஊட்டுவாங்க. பொங்கலுக்கு மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரி வாசல்ல போய் நில்லுங்க, சோறு தின்னு வயிறு கெட்ட ஆடும் மாடும் எத்தனைன்னு தெரியும். வழியில அரளி வேற. நாலுவழிச் சாலை நடுவுல பூரா அதைத்தான் வெச்சிருக்காங்க. நம்ம மந்தை ஆடு மேய்ப்பன் குரல் கேட்டு விலகிடும். கொட்டகையில வளர்ந்ததுக்கு எது விஷம்னு யார் சொல்லிக் கொடுக்கிறது?

சுமைதான் பிரச்சினைன்னா அதுக்கு நம்ம நாட்டுல கழுதை இருக்கு. தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துல கோட்டூர் மலை. தேர்தல் சமயத்துல வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகுல மேல போயிருக்கு, பேப்பர்ல படம் பார்த்திருப்பீங்க. நத்தம் பக்கத்து மலையூருக்குக் குதிரை. இது இன்னைக்கு வந்த வழக்கமும் இல்லை. நம்ம காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடின பெரும்பாணாற்றுப்படையிலேயே மிளகு மூட்டை சுமக்கிற கழுதைக் கூட்டம் வருது. சுமந்து சுமந்து அதுங்க முதுகுல தழும்பு ஏறியிருந்ததைக் கூட அந்தப் புலவர் விடலை. உமணர் உப்பு வண்டியும் அதுலயே இருக்கு. ஆட்டு மேல சுமை ஏத்தினதா நம்ம பக்கம் எதுவும் என் கண்ணுல படலை. மாடும் கழுதையும் இருக்கிற சமவெளியில அதுக்குத் தேவை வரலை, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்தேன். பொதி சுமக்கும் விலங்குகளை வதைக்கக்கூடாதுன்னு மத்திய அரசு 1965ல் விதிகள் போட்டிருக்கு. கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70, கோவேறு கழுதைக்கு 200, ஒட்டகத்துக்கு 250ன்னு எல்லாத்துக்கும் உச்ச அளவு இருக்கு. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, 37 டிகிரி தாண்டுற ஊர்ல மத்தியானம் 12ல இருந்து 3 வரைக்கும் சுமை ஏத்தவே கூடாது. சித்திரை, வைகாசியில நம்ம காஞ்சிபுரத்துக்கே எழுதின மாதிரி இருக்கு. ஆனா அந்தப் பட்டியல்ல ஆடு கிடையாது. ஆட்டுக்கு எவ்வளவு ஏத்தலாம்னு கேட்க ஆளில்லை. வாடகைத் தொழில்னு ஆரம்பிச்சா, ரெண்டு சீசன் போனதும் எட்டு கிலோ பன்னிரண்டாகும், பன்னிரண்டு பதினஞ்சாகும். மூட்டை அவனோடது, ஆடு அடுத்தவனோடது. வேற எப்படி ஆகும்?

இதெல்லாம் பணக்கணக்கு, பழக்கக்கணக்கு. எனக்கு நிஜமா பயம் வந்தது வேற விஷயத்துல. அமெரிக்காவுல பொதி ஆட்டைப் பிரபலமாக்கினவர் காட்டுச் செம்மறியைப் படிக்கப் போன ஆள்னு சொன்னேன் இல்லையா? இன்னைக்கு அதே வயோமிங்ல ஷோஷோன் தேசிய வனத்துல, அந்தக் காட்டுச் செம்மறி வாழ்ற பகுதிக்குள்ள பொதி ஆட்டுக்குத் தடை. வீட்டு ஆட்டுக்கு இருமலோட போற நுரையீரல் கிருமி, காட்டு ஆட்டுக்குத் தொத்தினா கூட்டங்கூட்டமா சாகும்ங்கிற பயம். பொதி ஆட்டுக்காரங்க ஒத்துக்காம இன்னும் வாதாடிக்கிட்டுதான் இருக்காங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனா 2017ல் மங்கோலியாவுல என்ன நடந்ததுன்னு பாருங்க. நாம வருஷா வருஷம் தடுப்பூசி போடுறோமே ஆட்டுக்கொல்லி நோய், அது வளர்ப்பு ஆட்டுல இருந்து சைகா மானுக்குப் போய் ஆயிரக்கணக்குல செத்துச்சு.

நம்ம மலையில யார் இருக்கா? வரையாடு. நம்ம மாநில விலங்கு. வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் உறவுக்காரன். அதைக் காப்பாத்த 2023ல் அரசு தனித் திட்டமே ஆரம்பிச்சது. 2024ல் எண்ணினப்போ தமிழ்நாடு பூரா 1031 இருந்தது. ஒரு பெரிய ஆட்டுச்சந்தையில ஒரே நாள்ல அதைவிட அதிகமா ஆடு கைமாறும். சந்தையில வாங்கின பத்து கிடாவை ஓட்டிக்கிட்டு அது மேய்ற புல்வெளிக்கு உல்லாசமா போறது எனக்குச் சரியாப் படலை. எப்படியும் விடமாட்டாங்க. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் இதுக்குள்ள கால்நடை மேய்க்கக் கூடாதுன்னு 2022ல் உயர் நீதிமன்றம் சொல்லியாச்சு. பரம்பரையா மலையில மாடு மேய்ச்சுப் பிழைக்கிறவங்களையே வெளிய நிறுத்தின தீர்ப்பு அது. அந்த ஜனங்களுக்கு அது பெரிய அடி, அதைப் பத்தித் தனியா எழுதணும். அவங்களுக்கே இல்லைங்கிற வழியை, பொழுதுபோக்குக்கு வர்றவன் ஆட்டுக்குத் திறக்கணும்னு கேட்க எனக்கு வாய் வராது. 2024 அக்டோபர்ல அரசு தொடங்கின மலையேற்றத் திட்டத்துல 40 பாதை இருக்கு. ஆன்லைன்ல பதிவு பண்ணி, உள்ளூர் வழிகாட்டியோட போகலாம். 2018ல் குரங்கணி காட்டுத்தீயில அத்தனை உயிர் போனதுக்கு அப்புறம் இந்தக் கட்டுப்பாடு வேணும்தான். அந்த வழிகாட்டிகள்ல பலரும் மலைவாழ் ஜனங்கள். சுமை தூக்க உதவி வேணும்னா அவங்களுக்கே இன்னும் கொஞ்சம் காசு கொடுத்துக் கேளுங்க.

அப்போ ஆட்டோட நடக்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லலை. ஆட்டோட நடக்கிறதைவிட நல்ல நடை எனக்குத் தெரியாது. அது நம்மளை ஓடவும் விடாது, உட்காரவும் விடாது. ஒரு செடியில நாலு கடி, அடுத்த செடிக்கு. ஒதியன் எங்க இருக்கு, கொடுக்காப்புளி எங்க பழுத்திருக்கு, எந்த மடுவுல இன்னும் தண்ணி இருக்குன்னு அதுதான் நமக்குக் காட்டும். பத்து மணிக்கு நிழல்ல படுத்து அசை போட ஆரம்பிச்சுதுன்னா இழுத்தாலும் எழாது, நாமளும் உட்கார்ந்துதான் ஆகணும். மழைத்துளி விழுந்தா எல்லாருக்கும் முன்னாடி ஓடிப் போய் ஒதுங்கும், தண்ணியில இறங்கச் சொன்னா நாலு காலையும் ஊன்றி நிக்கும். இதுக்கெல்லாம் பொறுமை இருக்கிறவன் தாராளமா வரட்டும். மலைக்குத்தான் போகணும்னு இல்லை.

நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல மலை கம்மி, ஏரி ஜாஸ்தி. ஏரிக்கரை, பாலாத்தங்கரை, கரம்பு, தரிசு, அறுவடை முடிஞ்ச கழனி. இதுதான் நம்ம ஆட்டுக்காரங்க பாதை. காலையில தூக்குவாளியில கூழ், தோள்ல தொரட்டி, ஒரு துண்டு. இருபது முப்பது ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போனா பொழுது சாய வருவாங்க. அறுப்பு முடிஞ்சா நம்ம சிவப்புச் செம்மறி மந்தையைக் கழனியில மடக்குவாங்க. அந்தப் புழுக்கைக்கு ஈடா எந்த உர மூட்டையும் இல்லை. இந்தப் பாதைதான் இப்போ துண்டு துண்டாகுது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாருங்க, மேய்க்கால் புறம்போக்குன்னு பழைய கணக்குல இருந்த இடம் எத்தனை இன்னும் புல்லா இருக்கு? வேலி, காம்பவுண்டு, மனைப்பிரிவு, அதுக்கு நடுவுல ஆட்டுக்காரன் மெயின் ரோட்டுல லாரியோட லாரியா ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறான். சென்னையில மந்தைவெளின்னு ஒரு இடம் இருக்கு, பேரைச் சத்தமா ஒரு தடவை சொல்லிப் பாருங்க. அங்க மந்தை போய் பஸ் நிலையம் வந்துடுச்சு.

கொட்டில் முறை, பரண் முறைன்னு சொல்றாங்க. எடை கூடும், லாபம் வரும், நானும் பத்து ஆட்டை அப்படி வெச்சிருக்கேன். ஆனா பரண்ல பொறந்து பரண்லயே லாரி ஏறுற ஆட்டுக்கு நடை தெரியாது. டீக்கடைப் பெரியவர் கேட்டது இதுதான்னு எனக்குப் படுது. ஆடுன்னா கறிதான்னு ஆகிப்போச்சு, அது நடந்து போற ஜீவன்ங்கிறதே மறந்துபோச்சு. அந்த நடையை மறந்துட்டு, முதுகுல கட்ட அமெரிக்கச் சேணம் வரவழைக்கிறதுல என்ன இருக்கு?

அதனால பையனுக்கு நான் சொன்னது இதுதான். தறியை விக்காதே. பத்து குட்டி தரமாட்டேன், ரெண்டு தர்றேன். பணம் வேண்டாம். போட்டியா ஜனங்க ஆட்டுப் பையைத் தாங்களே நெய்துக்கிட்டவங்க, உனக்கும் நெய்ய வரும், பட்டு வேண்டாம், முரட்டு நூல்ல ரெண்டு பொதிப்பை நீயே நெய். அதுவரைக்கும் வாரத்துல ஒரு நாள் எங்க ஊர் ஆட்டுக்காரரோட காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நட. அவருக்கு அன்னிக்குக் கூலியை நீ கொடு. கத்துக்கொடுக்கிறார் இல்லையா, சும்மா கேட்கக்கூடாது. மலையேற்றத்துக்கு வர்ற உன் சிநேகிதங்க யாராவது ஆட்டோட நடக்கணும்னு ஆசைப்பட்டா அவங்களையும் அவர்கிட்டயே கூட்டிக்கிட்டு வா. ஒரு நாளைக்கு நாலு பேர் வந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தா, அவர் அடுத்த வருஷமும் மந்தையை வெச்சிருப்பார். அவர் பிள்ளை ஏற்கெனவே கம்பெனி வேன் ஏறிட்டான்.

போறதுக்கு நல்ல வழியும் இருக்கு. பொங்கல் சமயத்துல வரதராஜர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் மலைக்குப் போறார் இல்லையா, காஞ்சியில இருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கும். பெருமாளையே தோள்ல சுமந்து அவ்வளவு தூரம் போற ஊர் இது. ஆட்டோட பாலாத்தங்கரை பிடிச்சுப் போனா ரெண்டு நாள் நடை. தை மாசம் வெயிலும் இருக்காது, அறுப்பு நடக்கிற நேரம், அறுத்த கழனியில மேய்ச்சலும் கிடைக்கும். ஆத்துல மணல் அள்ளின பள்ளத்தைப் பார்த்துப் போகணும். மலை சின்னதுதான், ஆனா மேல ஏறினா பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுற இடம் தெரியும்.

பையனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போச்சு. ரெண்டு குட்டியையும் இன்னும் கூட்டிக்கிட்டுப் போகலை. போன ஞாயித்துக்கிழமை ஆட்டுக்காரரோட நடந்துட்டு, கால்ல முள்ளோட வந்து திண்ணையில உட்கார்ந்தான். அவன் அத்தை ஊசியை எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள, "மாமா, அந்த வெள்ளைக் காதுக் குட்டிக்குப் பேர் வெச்சாச்சா?" என்று கேட்டான்.